தகப்பனாரின் நோயும் பிள்ளைகளின் பாலிசியும்

"உங்கள் தகப்பனார் உயிருடன் இருக்கிறாரா?"

"இல்லை."

"எந்த வயதில் இறந்தார்?"

"52 வயதில்."

"என்ன நோயால் இறந்தார்?"

இந்த இடத்தில் பலருக்குப் பேனா நின்று விடுகிறது.

ஆயுள் இன்சூரன்சு எடுக்கப் போகிறவர் நிரப்பும் பாரத்தில் உள்ள கேள்விகள் இவை. தாய், தகப்பன், அண்ணன், தம்பி, அக்காள், தங்கை எல்லோருடைய வயதையும் உடல்நிலையையும் கம்பெனி கேட்கிறது. இறந்து போயிருந்தால், எந்த வயதில், என்ன காரணத்தால் என்றும் கேட்கிறது.

"பாலிசி எடுப்பது நான். செத்துப் போன தகப்பனாரைப் பற்றி எதற்காகக் கேட்கிறார்கள்?" என்று கோபப்படுகிறவர்கள் உண்டு. "சிறுநீரக நோய் என்று எழுதினால் பாலிசி கிடைக்காது. 'வயோதிகம்' என்று எழுதி விடுவோம்" என்று நினைப்பவர்களும் உண்டு.

இந்த ஒரு வரியால் ஒரு குடும்பம் பிழைக்கவும் செய்யலாம். நடுத்தெருவுக்கு வரவும் செய்யலாம். எப்படி என்று பார்ப்போம்.

குண்டிக்காயில் நீர்க்கட்டி

சிறுநீரகத்தை நம் பாட்டிமார் "குண்டிக்காய்" என்பார்கள். அவரை விதை போன்ற உருவம். மனிதனுக்கு இரண்டு உண்டு. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 150 கிராம் எடை. இரத்தத்தில் உள்ள கழிவைப் பிரித்து வெளியேற்றுவது இவற்றின் வேலை.

சில குடும்பங்களில் இந்தச் சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் தோன்றுகின்றன. முதலில் கடுகளவு. பிறகு பட்டாணி அளவு. பிறகு எலுமிச்சை அளவு. ஒன்று, பத்து, நூறு என்று பெருகுகின்றன. நல்ல சதையைக் கட்டிகள் நெருக்குகின்றன. சிறுநீரகம் பல மடங்கு பெருத்து விடுகிறது. ஆனால் வேலை செய்யும் சக்தி குறைந்து விடுகிறது.

இதுதான் "பல நீர்க்கட்டி சிறுநீரக நோய்". பரம்பரையாக வரும் சிறுநீரக நோய்களில் அதிகமாகக் காணப்படுவது இதுவே.

இது புதிய நோய் அல்ல. போலந்து நாட்டை ஆண்ட ஸ்டீபன் பாத்தோரி என்ற அரசர் 1586-ம் ஆண்டில் இறந்தார். அவருடைய உடலைப் பதப்படுத்தியபோது, சிறுநீரகங்கள் காளை மாட்டுக்கு இருப்பது போலப் பெரிதாகவும் மேடும் பள்ளமுமாகவும் இருந்தனவாம். அவருக்கு இருந்தது இந்த நோய்தான் என்று இன்றைய டாக்டர்கள் கருதுகிறார்கள்.

இந்த நோயின் பொல்லாத குணம் ஒன்று உண்டு. இது சத்தம் போடாமல் வளரும். 20 வயதில் ஓடுவான், ஆடுவான். 30 வயதில் மூட்டை தூக்குவான். இரத்தப் பரிசோதனை செய்தால் "எல்லாம் சரி" என்று வரும். கெட்டுப் போன பகுதியின் வேலையையும் நல்ல பகுதி சேர்த்துச் செய்து வருவதே இதற்குக் காரணம். நல்ல பகுதியும் களைத்துப் போன பிறகுதான் நோய் வெளியே தெரியும். நோய் உள்ளவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு 60 வயதுக்குள் சிறுநீரகம் செயல் இழந்து விடுகிறது. பிறகு டயாலிசிஸ் அல்லது மாற்றுச் சிறுநீரகம்தான்.

பாதிக்குப் பாதி

பெற்றோரில் ஒருவருக்கு இந்த நோய் இருந்தால், பிள்ளைக்கு வர வாய்ப்பு பாதி. வராமல் இருக்க வாய்ப்பு பாதி. ஆண் பிள்ளை, பெண் பிள்ளை என்ற வித்தியாசம் இல்லை.

நாலு பிள்ளைகள் இருந்தால் கட்டாயம் இரண்டு பேருக்கு வரும் என்று அர்த்தம் அல்ல. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகச் சீட்டுக் குலுக்கிப் போடுவது போலத்தான். நாலு பேருக்கும் வரலாம். ஒருவருக்கும் வராமலும் போகலாம்.

"தலைமுறை விட்டுத் தலைமுறை தாக்கும்" என்று ஊரில் சொல்வார்கள். இந்த நோய்க்கு அது பொருந்தாது. தகப்பனின் குறை மகனுக்கு வரவில்லை என்றால், அந்த மகனின் வழியில் பேரப் பிள்ளைகளுக்கும் அது போவதில்லை. கிளை அங்கேயே சுத்தமாகி விடுகிறது.

இந்த நோய்க்குக் காரணமான மரபணுக்களில் முக்கியமானவை இரண்டு. முதல் மரபணுவை 1994-ம் ஆண்டிலும், இரண்டாவதை 1996-ம் ஆண்டிலும் கண்டுபிடித்தார்கள். முதல் மரபணுவில் குறை இருந்தால் நோய் கடுமை. பெரும்பாலும் 50, 60 வயதுக்குள் சிறுநீரகம் நின்று விடும். இரண்டாவதில் குறை இருந்தால் நோய் மெதுவாகப் போகும். 70 வயதைத் தாண்டியும் பலர் நன்றாக இருப்பார்கள்.

ஆகவே, "அந்தக் குடும்பத்துக்கு நோய்" என்று ஒரே கோடு போட்டுத் தள்ளுவது சரியல்ல. ஒரே வீட்டில் நோய் உள்ளவரும் இருப்பார், இல்லாதவரும் இருப்பார்.

கம்பெனியின் கணக்கு

இப்போது கம்பெனியின் பக்கம் இருந்து பார்ப்போம்.

ஆயுள் இன்சூரன்சு என்பது ஊர்ப் பொது உண்டியல் போன்றது. ஒரு ஊரில் 1,000 பேர் ஆளுக்கு 100 ரூபாய் போடுகிறார்கள் என்று வைத்துக் கொள்வோம். உண்டியலில் 1 லட்சம் ரூபாய் சேரும். அந்த ஆண்டில் ஒருவர் இறந்தால், அவர் குடும்பத்துக்கு 1 லட்சம் கொடுக்கலாம். கணக்கு சரியாக இருக்கும்.

உடம்பு சரியில்லை என்று தெரிந்தவர்கள் மட்டும் அதை மறைத்து ஓடி வந்து சேர்ந்தால் என்ன ஆகும்? அந்த ஆண்டில் மூன்று பேர் இறந்து விடுவார்கள். ஆளுக்கு 300 ரூபாய் வேண்டும். "எனக்கு இது கட்டுப்படியாகாது" என்று திடகாத்திரமானவர்கள் விலகி விடுவார்கள். உண்டியல் காலியாகி விடும்.

அதனால்தான் கம்பெனி கேள்வி கேட்கிறது. கேட்பது தவறு அல்ல. கிடைத்த பதிலை எப்படி எடை போடுகிறது என்பதே விஷயம்.

நோயைப் பற்றி எடை போடும்போது கம்பெனியின் டாக்டர் முக்கியமாகப் பார்ப்பவை ஐந்து: இரத்தக் கொதிப்பு, இரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவின் அளவு, சிறுநீரில் புரதம் போகிறதா என்பது, ஸ்கேன் படம், குடும்பத்தில் யார் யாருக்கு எந்த வயதில் நோய் முற்றியது என்ற விவரம்.

இவற்றில் கிரியேட்டினினை மட்டும் நம்ப முடியாது. முன்பே சொன்னோம்: நோய் உள்ளே இருந்தாலும் அது பல ஆண்டுகள் சரியாகவே காட்டும். ஆகவே ஸ்கேன் படமே பெரிய சாட்சி.

ஸ்கேன் சொல்லும் சேதி

வயிற்றின் மேல் கருவியை வைத்துப் பார்க்கும் சாதாரண ஸ்கேன்தான் இது. ஊசி இல்லை. வலி இல்லை. பல ஊர்களில் உண்டு.

ஆனால் இந்தப் படத்தை வயதோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். பெற்றோருக்கு நோய் உள்ளவர்களுக்காக 2009-ம் ஆண்டில் டாக்டர்கள் ஒரு அளவுகோல் வகுத்தார்கள்.

15 முதல் 39 வயது வரை: இரு சிறுநீரகங்களிலும் சேர்த்து மூன்று கட்டிகளாவது இருந்தால் நோய் உண்டு.

40 முதல் 59 வயது வரை: ஒவ்வொரு சிறுநீரகத்திலும் இரண்டு கட்டிகளாவது இருக்க வேண்டும்.

60 வயதுக்கு மேல்: ஒவ்வொன்றிலும் நாலு கட்டிகளாவது இருக்க வேண்டும்.

வயது ஏற ஏற எண்ணிக்கை ஏன் ஏறுகிறது? வயதானால் நோய் இல்லாதவர்களுக்கும் ஒன்றிரண்டு கட்டிகள் வரும். தலை நரைப்பது போல அது சகஜம். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை.

40 வயது தாண்டியவருக்கு ஒரு கட்டியும் இல்லை, அல்லது ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது என்றால், நோய் இல்லை என்று டாக்டர்கள் சொல்லி விடுவார்கள். ஆனால் 20 வயதில் கட்டி இல்லை என்பதால் நோயே இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. பிறகும் தோன்றலாம். அப்போது காந்த ஸ்கேன் அல்லது மரபணுப் பரிசோதனை செய்து பார்ப்பார்கள்.

ஒரு வீடு, மூன்று பதில்

ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். இது கற்பனைக் குடும்பம்தான். தகப்பனார் 52 வயதில் இந்த நோயால் இறந்து விட்டார். பிள்ளைகள் மூன்று பேர். அண்ணனுக்கு வயது 41. தங்கைக்கு 33. கடைசித் தம்பிக்கு 24. மூன்று பேரும் பாலிசி எடுக்க விரும்புகிறார்கள்.

அண்ணன் ஸ்கேன் எடுத்தார். இரு சிறுநீரகங்களிலும் ஒரு கட்டியும் இல்லை. அவர் தகப்பனாரின் நோயை மறைக்க வேண்டிய அவசியமே இல்லை. "தகப்பனாருக்கு நோய் இருந்தது. எனக்கு இல்லை. இதோ படம்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லலாம். மற்ற உடல்நிலை சரியாக இருந்தால், இந்த நோயைக் காரணம் காட்டி அவரிடம் கூடுதல் பணம் கேட்க நியாயம் இல்லை.

தங்கைக்கு இரு புறமும் கட்டிகள் இருக்கின்றன. கொஞ்சம் இரத்தக் கொதிப்பு உண்டு. மாத்திரையில் அடங்கி இருக்கிறது. கிரியேட்டினின் சரியாக இருக்கிறது. இவருக்குக் கம்பெனி மூன்றில் ஒன்றைச் சொல்லலாம். கூடுதல் பிரிமியம் கேட்கலாம். தொகையையோ காலத்தையோ குறைக்கலாம். "முடியாது" என்றும் சொல்லலாம். கம்பெனிக்குக் கம்பெனி இது மாறும். ஓரிடத்தில் மறுத்தால் எல்லா இடத்திலும் மறுப்பார்கள் என்பது இல்லை. ஆனால் அடுத்த கம்பெனியின் பாரத்தில், "முன்பு எங்காவது மறுத்தார்களா?" என்று ஒரு கேள்வி இருக்கும். அதற்கும் உண்மையே எழுத வேண்டும்.

தம்பியின் பாடுதான் திண்டாட்டம். அவர் ஸ்கேன் எடுக்கவில்லை. எடுக்கப் பயம். "கட்டி இருக்கிறது என்று தெரிந்தால் பாலிசி போச்சு. தெரியாமலே இருந்து விடுவோம்" என்று நினைக்கிறார்.

இந்தப் பயம்தான் உண்மையில் ஆபத்து.

தெரியாத ஒன்றைச் சொல்லும்படி யாரும் கேட்க முடியாது. தம்பி ஸ்கேன் எடுக்கும் முன்பே பாலிசிக்கு எழுதுவது குற்றம் அல்ல. "தகப்பனார் இந்த நோயால் இறந்தார். நான் இன்னும் பரிசோதனை செய்யவில்லை" என்று எழுதினால் அது முழு உண்மை. கம்பெனி ஸ்கேன் கேட்கலாம்; கூடுதல் பிரிமியம் கேட்கலாம்; தள்ளியும் வைக்கலாம். ஆனால் பாலிசி கொடுத்து விட்டால், அந்தப் பாலிசிக்கு அசைவு இல்லை.

பாலிசிக்காக டாக்டரிடமே போகாமல் இருப்பது வேறு விஷயம். இந்த நோயில் சிறுநீரகம் கெடும் முன்பே இரத்தக் கொதிப்பு வந்து விடுகிறது. இளம் வயதிலேயே வரலாம். அதைக் கவனிக்காமல் விட்டால் சிறுநீரகமும் இருதயமும் சேர்ந்து கெடும். சிலருக்கு மூளையின் இரத்தக் குழாயில் வீக்கமும் உண்டாகும். இரத்தக் கொதிப்பைப் பார்க்க ஸ்கேன் தேவை இல்லை. கையில் பட்டை கட்டிப் பார்த்தால் போதும். அதைக் குறைக்க மாத்திரைகள் இருக்கின்றன. உப்பைக் குறைப்பது கைமேல் உள்ள வைத்தியம். நோய் வேகமாகப் போகிறவர்களுக்கு, கட்டி வளர்வதை மந்தப்படுத்தும் டோல்வாப்டான் என்ற மருந்தும் வந்திருக்கிறது. ஜப்பான் அதை 2014-ம் ஆண்டிலும், அமெரிக்கா 2018-ம் ஆண்டிலும் இந்த நோய்க்கு அனுமதித்தன.

பாலிசி குடும்பத்தைக் காப்பாற்றும். வைத்தியம் ஆளையே காப்பாற்றும். இரண்டில் எது பெரிது?

மறைத்தால் என்ன ஆகும்?

"எழுதாமல் விட்டால் யாருக்குத் தெரியப் போகிறது?" என்று சிலர் கேட்கலாம்.

பணம் கேட்கும் நாளில் தெரியும். பாலிசி எடுத்துச் சில மாதங்களிலோ ஓரிரு ஆண்டுகளிலோ ஒருவர் இறந்தால், கம்பெனி விசாரிக்கும். ஆஸ்பத்திரிச் சீட்டு, ஸ்கேன் படம், மருந்துக் கடை ரசீது எல்லாம் வெளியே வரும். அப்போது பதில் சொல்லப் பாலிசி எடுத்தவர் இருக்க மாட்டார். தாலி இழந்த மனைவிதான் நிற்பாள்.

2009-ம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டு ஒரு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. அது மருத்துவச் செலவு இன்சூரன்சு பற்றிய வழக்கு. பாலிசி எடுத்தவருக்கு ஏற்கனவே நீரிழிவும் சிறுநீரகக் கோளாறும் இருந்தன. பாரத்தில் அதைச் சொல்லவில்லை. பாலிசி எடுத்த சில மாதங்களில் இறந்து விட்டார். மனைவி பணம் கேட்டார். கம்பெனி மறுத்தது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. கம்பெனி மறுத்தது சரியே என்று தீர்ப்பாயிற்று.

சட்டம் என்ன சொல்கிறது? இன்சூரன்சு சட்டத்தின் 45-வது பிரிவை 2015-ம் ஆண்டில் திருத்தினார்கள். பாலிசி தொடங்கி 3 ஆண்டுகள் ஆகி விட்டால், எந்தக் காரணத்தைச் சொல்லியும் அந்தப் பாலிசியைக் கம்பெனி தள்ள முடியாது. 3 ஆண்டுகளுக்குள் என்றால், முக்கியமான உண்மையை மறைத்ததாகக் காட்டித் தள்ளலாம். மோசடி நோக்கம் இல்லாமல் விடுபட்டது என்றால், கட்டிய பிரிமியத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

இதைக் கேட்டு, "மூன்று வருஷம் தாக்குப் பிடித்தால் போதும்" என்று கணக்குப் போட வேண்டாம். எமன் காலண்டர் பார்த்து வருவதில்லை.

இடையில் விட்டுப் போன பாலிசி

பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு.

ஒருவர் 22 வயதில் நல்ல உடம்போடு பாலிசி எடுக்கிறார். 30 வயதில் கட்டி இருப்பது தெரிகிறது. கவலை இல்லை. எடுத்த பாலிசி எடுத்ததுதான். பிரிமியத்தை ஒழுங்காகக் கட்டி வந்தால், புதிதாக வந்த நோயைக் காட்டிக் கம்பெனி அதை ரத்துச் செய்ய முடியாது.

ஆனால் நடுவில் கையில் பணம் இல்லை. பிரிமியம் கட்டாமல் விட்டு விட்டார். பாலிசி காலாவதியாகி விட்டது. மறுபடி உயிர் கொடுக்கப் போனால், உடல்நிலை பற்றிப் புதிய வாக்குமூலம் கேட்பார்கள். அப்போது கட்டியைச் சொல்லியாக வேண்டும். 3 ஆண்டுக் கணக்கும் புதுப்பித்த நாளில் இருந்து மறுபடி தொடங்கும்.

ஆகவே, பரம்பரை நோய் உள்ள குடும்பத்துக்குப் பாலிசி என்பது விளக்கு. திரி அணைந்தால் மறுபடி ஏற்றுவது கஷ்டம்.

இன்னொன்று. பாரம் கொடுத்த நாளுக்கும் பாலிசி கைக்கு வரும் நாளுக்கும் இடையில் ஏதாவது நோய் தெரிய வந்தால், அதையும் கம்பெனிக்குச் சொல்ல வேண்டும். பாரத்தின் அடியில் கையெழுத்துப் போடும்போது நாம் அந்த வாக்கைக் கொடுக்கிறோம்.

மற்ற நாடுகள் என்ன செய்கின்றன?

இந்தப் பிரச்சினை உலகம் முழுவதும் இருக்கிறது. "மரபணுவைச் சோதித்துப் பார்த்தால் பாலிசி போய் விடும்" என்ற பயத்தால் மக்கள் பரிசோதனைக்கே வருவதில்லை என்று டாக்டர்கள் பல நாடுகளில் முறையிட்டார்கள்.

அமெரிக்காவில் 2008-ம் ஆண்டில் ஒரு சட்டம் வந்தது. மருத்துவ இன்சூரன்சிலும் வேலையிலும் மரபணுவைக் காட்டி ஒதுக்கக் கூடாது என்றது. ஆனால் ஆயுள் இன்சூரன்சை அது தொடவில்லை.

கனடா 2017-ம் ஆண்டில் இன்னும் கடுமையான சட்டம் போட்டது. ஒப்பந்தம் செய்ய மரபணுப் பரிசோதனையை நிபந்தனையாகக் கேட்பதே குற்றம் என்றது. 2020-ம் ஆண்டில் அந்த நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டும் அந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது.

பிரிட்டனில் 2018-ம் ஆண்டில் அரசும் கம்பெனிகளும் ஒரு உடன்படிக்கைக்கு வந்தார்கள். அதன்படி, நோய் வரும் முன் செய்த மரபணுப் பரிசோதனையில் ஒரே ஒரு நோயைப் பற்றித்தான் ஆயுள் இன்சூரன்சுக் கம்பெனி கேட்கலாம். அது ஹண்டிங்டன் என்ற நரம்பு நோய். அதுவும் 5 லட்சம் பவுனுக்கு மேற்பட்ட பாலிசிக்கு மட்டும்.

ஆஸ்திரேலியாவில் கம்பெனிகள் 2019-ம் ஆண்டில் தாமாக ஒரு வரம்பு வைத்தன. அது போதாது என்று கருதிய அரசு, தடைச் சட்டம் கொண்டு வரப் போவதாக 2024-ம் ஆண்டு செப்டம்பரில் அறிவித்தது.

இதில் ஒரு ஓட்டை இருப்பதைக் கவனியுங்கள். நம் நோயைக் கண்டுபிடிக்க மரபணுப் பரிசோதனை பெரும்பாலும் தேவையே இல்லை. சாதாரண ஸ்கேனே காட்டி விடும். ஸ்கேனை "மரபணுப் பரிசோதனை" என்று யாரும் சொல்வதில்லை. தகப்பனார் எதனால் இறந்தார் என்று கேட்பதும் பிரிட்டனில் தடை செய்யப்படவில்லை. ஆக, கதவைப் பூட்டினார்கள்; ஜன்னல் திறந்தே இருக்கிறது.

நம் நாட்டில்

இந்தியாவில் மருத்துவ இன்சூரன்சில் ஓரளவு வழி பிறந்திருக்கிறது. பரம்பரை இருதய நோய் உள்ள ஒருவருக்கு, "இது மரபணுக் கோளாறு" என்று சொல்லிக் கம்பெனி பணம் மறுத்தது. 2018-ம் ஆண்டு பிப்ரவரியில் டெல்லி ஐகோர்ட்டு அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. மரபணுக் கோளாறு என்று பொத்தாம்பொதுவாக ஒதுக்குவது பாரபட்சம் என்றது. அந்தத் தீர்ப்பின் பொதுவான பகுதிக்கு அதே ஆண்டு ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டு தடை விதித்தது. என்றாலும் இன்சூரன்சுக் கட்டுப்பாட்டு ஆணையம் 2018-ம் ஆண்டு மார்ச்சிலேயே கம்பெனிகளுக்கு உத்தரவு போட்டு விட்டது. 2019-ம் ஆண்டிலும் மருத்துவ பாலிசிகளில் மரபணு நோயை ஒதுக்கக் கூடாது என்று விதி வகுத்தது.

ஆனால் இவை மருத்துவச் செலவுக்கான பாலிசிகள். ஆயுள் பாலிசிக்கு மரபணு பற்றித் தனிச் சட்டம் நம் நாட்டில் இல்லை.

சட்டம் செய்ய முடியாதா? முடியும். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்காக 2017-ம் ஆண்டில் பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்தது. கணக்கியல் ஆய்வின் ஆதாரம் இல்லாமல், அவர்களுக்கு இன்சூரன்சை மறுக்கவோ, அதில் அநியாயமாக நடத்தவோ கூடாது என்று அதில் எழுதி இருக்கிறது. "பயத்தால் மறுக்காதே, கணக்கைக் காட்டி முடிவு சொல்" என்பதே அதன் பொருள். அதே நீதியைப் பரம்பரை நோய் உள்ள குடும்பங்களுக்கும் தரலாம். கம்பெனிக்கு இதனால் நஷ்டம் இல்லை. 41 வயது அண்ணன் கட்டி இல்லாத படத்தைக் காட்டும்போது, தகப்பனாரின் நோயைச் சொல்லி மறுக்கக் கூடாது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். அவ்வளவுதான் கேட்கிறோம்.

நீங்கள் செய்ய வேண்டியது

குடும்பத்தில் இந்த நோய் இருந்தால், கவனிக்க வேண்டியவை இவை:

பாரத்தை ஏஜெண்டு நிரப்பினாலும், ஒவ்வொரு கேள்வியையும் படித்துக் காட்டச் சொல்லுங்கள். பாரம் இங்கிலீஷில் இருந்தால் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். "எல்லாம் நலம் என்று போட்டு விட்டேன், கையெழுத்துப் போடுங்கள்" என்றால் போடாதீர்கள். கையெழுத்து உங்களுடையது, பொறுப்பும் உங்களுடையது. பாரத்தின் நகல் ஒன்றை வாங்கி வைத்துக் கொள்ளுங்கள்.

தகப்பனாரின் ஆஸ்பத்திரிச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். "சிறுநீரக நோய்" என்று மொட்டையாக எழுதாதீர்கள். சர்க்கரை நோயால் சிறுநீரகம் கெட்டிருக்கலாம், கல்லால் கெட்டிருக்கலாம். எல்லாம் பரம்பரை நீர்க்கட்டி அல்ல. சரியான பெயர் எழுதினால் உங்களுக்கே நல்லது.

கம்பெனி மறுத்தாலோ, தள்ளி வைத்தாலோ மனம் உடைய வேண்டாம். உடல் பரிசோதனை இல்லாத பாதுகாப்பும் உண்டு. 2015-ம் ஆண்டில் தொடங்கிய பிரதம மந்திரி ஜீவன் ஜோதி திட்டத்தில், பாங்கில் கணக்கு உள்ள 18 முதல் 50 வயது வரை உள்ளவர்கள் சேரலாம். 2022-ம் ஆண்டு ஜூன் முதல் ஆண்டுக்குப் பிரிமியம் 436 ரூபாய். இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய். சேர்ந்த முதல் 30 நாட்களில் விபத்து மரணத்துக்கு மட்டும் பணம் உண்டு.

தொழிற்சாலையிலோ கம்பெனியிலோ வேலை செய்து பிராவிடண்டு பண்டில் சேர்ந்திருந்தால், அதோடு சேர்ந்த இன்சூரன்சும் உண்டு. தொழிலாளியின் சம்பளத்தில் இதற்குப் பிடித்தம் இல்லை; முதலாளி கட்டுகிறார். வேலையில் இருக்கும்போது இறந்தால் 7 லட்சம் ரூபாய் வரை கிடைக்கலாம். தகப்பனார் எதனால் இறந்தார் என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

பாலிசிப் பணத்தை அநியாயமாக மறுத்தால், முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் சரியான பதில் இல்லை என்றால் இன்சூரன்சு குறைதீர்ப்பாளரிடம் போகலாம். சென்னையில் அவருக்கு அலுவலகம் உண்டு. வக்கீல் தேவை இல்லை, கட்டணமும் இல்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டுக்குள் பேசுங்கள். பல வீடுகளில் பெரியவர்கள் இந்த நோயை மூடி வைக்கிறார்கள். பெண்ணுக்குக் கல்யாணம் நடக்காது என்ற பயம். ஊர் பேசும் என்ற பயம். கடைசியில் பிள்ளைகளுக்கு, தகப்பன் எதனால் செத்தான் என்றே தெரிவதில்லை. பாரத்தில் மட்டும் அல்ல, டாக்டரிடம் சொல்லவும் அவர்களுக்கு வார்த்தை இருப்பதில்லை.

தகப்பனாரின் நோய் பிள்ளையின் குற்றம் அல்ல. அதை மறைக்கவும் வேண்டாம். அதற்காகத் தலை குனியவும் வேண்டாம்.

அந்தக் கேள்விக்கு வந்ததும் பேனா நிற்க வேண்டியதில்லை. உண்மையை எழுதுங்கள். நாளை உங்கள் பிள்ளைகள் அந்தக் காகிதத்தைக் கையில் பிடித்துக் கொண்டு போய் நிற்கும்போது, அது அவர்களைக் கைவிடாது.